எதிரோட்டப் பரிமாற்றம்: மீனின் செவுளிலிருந்து ஏசி கொயில் வரை

ஒட்டியபடி இரண்டு குழாய்கள். ஒன்றில் 80 பாகை செல்சியஸ் சுடுநீர் ஓடுகிறது. மற்றதில் கொழும்புக் குழாய்த் தண்ணீர், ஏறத்தாழ 30 பாகை. இரண்டிலும் நிமிடத்துக்கு ஒரே அளவு. சுவர் வழியாகச் சூடு தாண்டும், தண்ணீர் கலக்காது. குளிர்ந்த தண்ணீரை இப்படி எத்தனை பாகை வரை சூடாக்கலாம்?

இரண்டையும் ஒரே முனையிலிருந்து ஒரே திசையில் ஓடவிட்டுப் பார்ப்போம். நுழைவாயிலில் வித்தியாசம் 50 பாகை, அதனால் சூடு வேகமாகத் தாண்டுகிறது. சிறிது தூரம் போனதும் ஒன்று 70, மற்றது 40. இன்னும் சிறிது தூரத்தில் 60, 50. கடைசியில் இரண்டும் 55இல் சந்திக்கும். வித்தியாசம் இல்லாத இடத்தில் சூடு நகராது. அதற்குப் பிறகு குழாயை மாத்தறை வரை நீட்டினாலும் ஒரு பாகை கூட ஏறாது. சுடுநீரிலிருந்த வெப்பத்தில் சரிபாதி கிடைத்தது, மீதி வெளியேறும் தண்ணீரோடு போய்விட்டது.

இப்போது குளிர்நீரின் திசையை மட்டும் திருப்புங்கள். சுடுநீர் வெளியேறும் முனையில் குளிர்நீர் நுழைகிறது. அங்கே சுடுநீர் பெரும்பகுதிச் சூட்டை இழந்திருந்தாலும், வருவது 30 பாகைத் தண்ணீர் என்பதால் கொடுக்க இன்னும் கொஞ்சம் இருக்கிறது. குளிர்நீர் முன்னேற முன்னேறச் சூடாகிறது. அதே நேரம் அது சந்திக்கும் சுடுநீரும் அதைவிடச் சூடானதாகவே இருக்கிறது. வெளியேறும் வாயிலில் அது தொட்டுக்கொண்டிருப்பது அப்போதுதான் உள்ளே வந்த 80 பாகை நீரை. இரண்டு ஓட்டமும் சமமாக இருந்தால் குழாய் நெடுகிலும் வித்தியாசம் ஒரே அளவில் நிற்கும். எதிரோட்டத்தின் முழு இரகசியமும் இதுதான்: ஒரு சிறிய வித்தியாசத்தைக் கடைசி அங்குலம் வரை சாகவிடாமல் வைத்திருப்பது.

எண்களில் பார்த்தால் தெளிவாகும். சுவரின் பரப்பளவையும் சூட்டைக் கடத்தும் திறனையும் பெருக்கி, அதை ஓட்டத்தின் வெப்பக் கொள்ளளவால் வகுத்தால் ஒரு தனி எண் வரும். பரிமாற்றி எவ்வளவு 'பெரியது' என்பதை அந்த எண் சொல்லும். அது 1 என்றால் எதிரோட்டத்தில் குளிர்நீர் 55 பாகையில் வெளியேறும், ஒரே திசை ஓட்டத்தில் 51.6. அதிக வித்தியாசமில்லை. அது 4 என்றால் எதிரோட்டத்தில் 70 பாகை, ஒரே திசையில் 55ஐ எட்டாமல் அதன் வாசலிலேயே நிற்கும். 9 என்றால் எதிரோட்டத்தில் 75. ஒரே திசையில் அதே 55. சமமான ஓட்டங்களுக்குக் கணக்கு மிக எளிது: அந்த எண்ணை, அதனுடன் ஒன்றைக் கூட்டி வருவதால் வகுத்தால், மீட்கப்படும் பங்கு கிடைக்கும். 9ஐப் பத்தால் வகுத்தால் 90 சதவீதம்.

இதிலிருந்து ஒன்றைக் கவனிக்க வேண்டும். திசையைத் திருப்பியதால் மட்டும் பலன் வந்துவிடாது, அதற்குப் போதிய பரப்பும் வேண்டும். குட்டையான பரிமாற்றியில் எந்தத் திசையில் ஓடவிட்டாலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஓட்டங்கள் மிகச் சமனற்றவையாக இருந்தாலும் அப்படித்தான். குளிர்நீர் பத்து மடங்கு அதிகமாக ஓடினால் ஒரே திசையிலேயே சுடுநீரை 34.5 பாகை வரை இறக்கலாம். எதிரோட்டம் மேலும் நாலரைப் பாகைதான் தரும். நீராவி ஒடுங்கும் பக்கம் தன் வெப்பநிலையை மாற்றாமல் 100 பாகையிலேயே நிற்கிறது என்றால் திசைக்கு அர்த்தமே இல்லை.

பாலைப் பதப்படுத்தும் தொழிற்சாலையில் இந்தக் கணக்கு பணமாகத் தெரியும். 4 பாகைப் பாலை 72 பாகைக்குச் சூடாக்கி, 15 செக்கன் வைத்திருந்து, மறுபடி 4 பாகைக்கு இறக்க வேண்டும். ஆயிரம் லீற்றரை இப்படிச் சூடாக்க ஏறத்தாழ 76 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். அதனால் உள்ளே வரும் குளிர்ந்த பாலையும் வெளியே போகும் சூடான பாலையும் மெல்லிய எவர்சில்வர் தகடுகளின் இரு பக்கமும் எதிரெதிராக ஓடவிடுகிறார்கள். 90 சதவீதம் மீட்டால், வரும் பால் கொதிகலன் பக்கம் போகுமுன்பே 65.2 பாகையை அடைந்துவிடும். வெளியிலிருந்து கொடுக்க வேண்டியது 6.8 பாகைக்கான சூடு மட்டும், அதாவது 7.6 யூனிட். வெளியேறும் பாலும் தானாகவே 10.8 பாகைக்கு இறங்கிவிடுவதால் குளிர்ப்பதனச் செலவும் குறைகிறது. இங்கே ஆபத்தும் ஒன்று உண்டு. தகட்டில் ஊசிமுனை அளவு துளை விழுந்தால் பச்சைப் பால் பதப்படுத்திய பாலில் கலக்கும். இதனால்தான் பதப்படுத்திய பக்கத்தின் அழுத்தத்தை எப்போதும் கூடுதலாக வைத்திருக்க வேண்டும். அப்போது கசிவு ஏற்பட்டாலும் நல்ல பால்தான் பச்சைப் பால் பக்கம் போகும். அத்துடன் பாலின் புரதமும் உப்பும் தகட்டில் படிந்து, பரப்பு அப்படியே இருக்கக் கடத்தும் திறனைக் குறைக்கும். காரத்தாலும் அமிலத்தாலும் ஒழுங்காகக் கழுவாவிட்டால் 9 என்ற எண் மெல்ல 5க்கு இறங்கும். அப்போது மீட்பு 83 சதவீதம்தான்.

கொழும்பில் இந்தத் தத்துவம் அதிகம் உழைக்கும் இடமும் அதிகம் பிழைக்கும் இடமும் பெரிய கட்டடங்களின் ஏசிதான். கோட்டையிலும் கொள்ளுப்பிட்டியிலும் உள்ள உயர்ந்த அலுவலகக் கட்டடங்களில் சில்லர் இயந்திரம் தண்ணீரைக் குளிர்விக்கிறது. வழமையான வடிவமைப்பில் அது 7 பாகையில் புறப்பட்டு 12 பாகையில் திரும்பும். ஒவ்வொரு மாடியிலும் அந்தத் தண்ணீர் நான்கு முதல் ஆறு வரிசைச் செப்புக் குழாய்களைக் கொண்ட கொயில் ஒன்றின் வழியாக ஓட, காற்று அந்த வரிசைகளைக் குறுக்காகக் கடந்து குளிர்கிறது. ஒவ்வொரு வரிசையும் காற்றுக்குக் குறுக்கே இருந்தாலும், வரிசைகளின் ஒழுங்கு காற்றுக்கு எதிராக இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர் முதலில் நுழைய வேண்டியது காற்று வெளியேறும் பக்க வரிசையில்.

பொருத்தும்போது வழங்கல் குழாயும் திரும்பல் குழாயும் இடம் மாறிவிட்டால் இயந்திரம் நின்றுவிடாது. தண்ணீர் ஓடும், காற்றும் ஓரளவு குளிரும். ஆனால் காற்றுக் கடைசியாகத் தொடுவது 7 பாகைத் தண்ணீரை அல்ல, ஏற்கெனவே 12 பாகைக்குச் சூடாகிவிட்ட தண்ணீரை. கொயில் எவ்வளவு பெரியதானாலும் காற்று 12க்குக் கீழே போகாது. நடைமுறையில் இன்னும் பல பாகை மேலேயே நின்றுவிடும். இது வெறும் குளிர்ச்சிக் குறைவு என்றால் பொறுக்கலாம். கொழும்பின் கஷ்டம் ஈரப்பதன். வெளிக்காற்றின் ஈரம் 24 பாகை அளவிலேயே ஒடுங்கத் தொடங்கும் ஊர் இது. காற்றைப் போதிய அளவு கீழே இறக்கினால்தான் ஈரம் தண்ணீராகச் சொட்டி வெளியேறும். இறங்காவிட்டால் அறை குளிராக இருந்தும் பிசுபிசுக்கும், சுவரிலும் கோப்புகளிலும் பூஞ்சணம் பிடிக்கும். பிழை எங்கே என்று தெரியாமல் சில்லரை 5 பாகைக்கு இறக்குவார்கள். அறை சமாளிக்கும், மின்கட்டணம் ஏறும்.

கண்டுபிடிப்பது எளிது. வால்வு முழுதாகத் திறந்திருந்தும் அறை இறங்காவிட்டால், கொயிலின் இரண்டு ஹெடர் குழாய்களிலும் (வரிசைகளுக்குத் தண்ணீரைப் பிரித்துக் கொடுக்கும், திரும்பச் சேர்க்கும் தடித்த குழாய்கள்) வெப்பமானியை ஒட்டிப் பாருங்கள். காற்று வெளியேறும் பக்கத்து ஹெடர் குளிர்ந்ததாக இருக்க வேண்டும். மறுபக்கம் குளிர்ந்திருந்தால் இணைப்பு மாறியிருக்கிறது. வழமையாக வழங்கலைக் கீழ்ப்பக்கத்திலும் திரும்பலை மேல்பக்கத்திலும் கொடுப்பார்கள், குழாய்க்குள் சிக்கும் காற்று மேலே ஏறி வெளியேறுவதற்காக. அதுவும் மாறியிருந்தால் மேல் வரிசைகளில் காற்று தங்கி, அந்த இடத்தில் தண்ணீரே ஓடாது.

இனி பேலியகொடை மீன் சந்தைப் பக்கம் போகலாம். மீன் வாங்கும்போது மூடியைத் தூக்கிச் செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறோமே, அந்தச் சிவப்பு இழைகளைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். ஒவ்வொரு இழையின் இரு பக்கமும் நெருக்கமாக அடுக்கிய மிக மெல்லிய சிறு தட்டுகள். தட்டுகளின் இடுக்கு வழியாக நீர் வாயிலிருந்து வெளிப்பக்கம் போகிறது. தட்டுக்குள் குருதி அதற்கு நேரெதிர்த் திசையில் ஓடுகிறது. ஒட்சிசன் குறைந்த குருதி முதலில் சந்திப்பது, ஏற்கெனவே கொடுத்துக் களைத்த நீரை. வெளியேறும் முன் சந்திப்பது புதிய நீரை.

மீனுக்கு இந்தச் சிக்கனம் ஏன் வேண்டும் என்பதற்கு இரண்டு எண்கள் போதும். ஒரு லீற்றர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஒட்சிசன் உண்டு. எங்கள் கடலின் 28 பாகை நீர் ஒரு லீற்றரில் 6 அல்லது 7 மில்லிகிராம்தான். அந்த நீரும் காற்றைவிட எண்ணூறு மடங்கு அளவு பாரமானது. செவுள் வழியாகத் தள்ளவே சக்தி செலவாகும். சமமான நிலையில் ஒரே திசை ஓட்டம் பாதி ஒட்சிசனுக்கு மேல் தராது. எதிரோட்டச் செவுள் 80 சதவீதம் வரை எடுக்க முடியும். கரையில் போட்ட மீன் ஒட்சிசன் நிறைந்த காற்றில் மூச்சுத் திணறிச் சாவதற்குக் காரணமும் முன்பு பார்த்த கணக்கில் இருக்கிறது: நீர் தாங்காதபோது அந்தச் சிறு தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பரப்பு போய்விட்டால் திசை எதையும் காப்பாற்றாது.

அதே சந்தையில் கெலவல்லா, பலயா என்ற சூரை மீன்கள் இன்னொரு எதிரோட்டத்தைச் சுமந்தபடி கிடக்கின்றன. குருதி செவுளில் நீரை அவ்வளவு நெருக்கமாகத் தொடுவதால் ஒட்சிசன் கிடைக்கிற அதே இடத்தில் சூடு முழுவதும் பறிபோகும். சாதாரண மீனின் உடல் கடல்நீரின் வெப்பநிலையிலேயே இருப்பது இதனால்தான். இந்தச் சூரை இனங்களில், நீந்திக்கொண்டே இருக்கும் கருஞ்சதைக்குப் போகும் நாடிகளும் அங்கிருந்து திரும்பும் நாளங்களும் நுண்குழாய்களாகப் பிரிந்து, ஒன்றுக்கொன்று இடையே நெருக்கமாகக் கற்றையாக ஓடுகின்றன. சதையிலிருந்து சூடாக வரும் குருதி, செவுளிலிருந்து குளிர்ந்து வரும் குருதிக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிட்டுத்தான் போகும். குழாய்ச் சுவர்களின் தடிப்பு வெப்பம் தாண்டுவதற்குத் தடையில்லாத அளவு, ஒட்சிசன் கசிவதற்குத் தடையான அளவு. இதனால் சதை நீரைவிடச் சில பாகை சூடாக இருக்கும். குளிர்கடலில் வாழும் பெரிய நீலத்துடுப்புச் சூரைகளில் 10 பாகைக்கும் மேல். 2015இல் ஓபா என்ற ஆழ்கடல் மீனில் இந்தக் கற்றை செவுளுக்குள்ளேயே இருப்பது தெரியவந்தது. அதனால் அதன் முழு உடலும் இதயம் உட்படச் சூடாக இருக்கிறது. போராடிப் பிடிபட்ட சூரையை உடனே குருதி வடித்து ஐஸில் புதைக்கச் சொல்வதும் இந்தச் சூட்டுக்காகத்தான். நடுச்சதை சூடாகவே கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள் உருவாகும், அதைச் சமையல் நீக்காது.

திமிங்கிலத்தின் துடுப்பில் நாடியைச் சுற்றி நாளங்கள் வளையமாக நிற்பதை 1955இல் ஷொலாண்டர், ஷெவில் என்ற ஆய்வாளர்கள் விளக்கினார்கள். எங்கள் கையிலும் ஓரளவு அதே அமைப்பு உண்டு. நுவரெலியாவின் விடிகாலைக் குளிரில் குருதி நாடியை ஒட்டிய ஆழ்நாளங்கள் வழியாகத் திரும்பிச் சூட்டை உடலுக்கே கொண்டுபோகும். கொழும்பு வெயிலில் தோலோரத்து நாளங்கள் புடைத்து நிற்பது, பரிமாற்றியைச் சுற்றிப் போகும் வழி திறந்திருப்பதால்.

இதுவரை பார்த்ததெல்லாம் இருக்கும் வித்தியாசத்தைப் பயன்படுத்துவது. எதிரோட்டத்தால் ஒரு சிறிய வித்தியாசத்தைப் பெருக்கவும் முடியும். வளியைத் திரவமாக்கும் முறை இதற்குத் தெளிவான உதாரணம். 200 வளிமண்டல அழுத்தத்திலுள்ள வளியை ஒரு சிறு வாய் வழியாக விரியவிட்டால் அது ஏறத்தாழ 40 பாகை குளிரும். ஒட்சிசன் திரவமாவதோ மறை 183 பாகையில். 1895இல் ஜேர்மனியில் லிண்டேயும் பிரித்தானியாவில் ஹம்ப்சனும் செய்தது, குளிர்ந்த வளியை வெளியே விடாமல், உள்ளே வரும் அழுத்த வளிக்கு எதிராக ஓடவிட்டது. அடுத்து வரும் வளி முன்கூட்டியே குளிர்ந்து வந்து இன்னும் கீழே போகும். அது தனக்குப் பின்னால் வருவதை இன்னும் குளிர்விக்கும். இப்படியே இறங்கி வாயில் திரவம் சொட்டத் தொடங்கும்.

சிறுநீரகமும் இதையே உப்பைக் கொண்டு செய்கிறது. அதிலுள்ள ஹென்லேயின் தடம் கொண்டை ஊசி போல வளைந்த நுண்குழாய். ஏறும் பக்கம் உப்பை வெளியே பம்ப் செய்யும், தண்ணீரை விடாது. இறங்கும் பக்கம் தண்ணீரை வெளியே விடும். எந்த மட்டத்திலும் பம்ப் உண்டாக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 200 மில்லிஒஸ்மோல்தான் (கரைசலின் செறிவை அளக்கும் அலகு). ஆனால் இரு பக்கமும் எதிரெதிராக ஓடுவதால் படிப்படியாகப் பெருகி, மேற்பட்டையில் 300ஆக இருப்பது ஆழத்தில் 1200ஆகிறது. அதில் யூரியாவுக்கும் பெரும் பங்குண்டு. அந்தச் செறிவுதான் சிறுநீரிலிருந்து தண்ணீரை மீட்கிறது. பியூரோசமைட் மாத்திரை அந்தப் பம்பை நிறுத்துகிறது. செறிவு கரைந்துபோய்ச் சிறுநீர் அதிகமாக வெளியேறும். குருதிக்குழாய்களும் அங்கே கொண்டை ஊசி போல வளைந்து இறங்கி ஏறுகின்றன. நேராகப் போயிருந்தால் சேர்த்த உப்பையெல்லாம் கழுவிக்கொண்டு போயிருக்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு, அதைப் பாடப்புத்தகங்கள் போதிய அளவு சொல்வதில்லை என்பது எங்கள் எண்ணம். உப்பைத் தேக்கும் அதே வளைவில், இறங்கும் குருதியின் ஒட்சிசன் ஆழத்தை அடையுமுன்பே பக்கத்தில் ஏறும் குருதிக்குத் தாவிவிடுகிறது. ஆழத்தில் ஒட்சிசன் எப்போதும் குறைவு. அங்கேயே பம்புகளும் உழைக்கின்றன. கடும் நீரிழப்பிலோ குருதியழுத்தம் விழும்போதோ சிறுநீரகம் விரைவில் பாதிக்கப்படும் காரணங்களில் இது ஒன்று.

சிறுநீரகம் செயலிழந்தால் டயாலிசிஸ். அங்கே குருதியும் திரவமும் மறுபடி எதிரெதிராக ஓடுகின்றன. 0.2 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள ஆயிரக்கணக்கான நுண்குழாய்களுக்குள் குருதி நிமிடத்துக்கு 300 மில்லிலீற்றர், வெளியே சுத்திகரிப்புத் திரவம் 500 என்று வைத்துக்கொள்வோம். ஒரே திசையில் ஓடினால் எல்லை எளிதில் வரும்: 300 மில்லிலீற்றரில் இருந்த யூரியா 800இல் பரவிச் சமமாகும். 62.5 சதவீதத்துக்கு மேல் நீங்காது. எதிராக ஓடினால், வழமையான ஒரு வடிகட்டியில் 80 சதவீதத்தைத் தாண்டும். எனவே புதிய திரவம் நுழைய வேண்டியது குருதி வெளியேறும் முனையில். குழாய்கள் மாறிப் பொருத்தப்பட்டால் இயந்திரம் வழக்கம்போல ஓடிக்கொண்டுதான் இருக்கும், நோயாளியின் சிகிச்சை மட்டும் குறையும். நுண்குழாய்களில் குருதி உறைந்து அடைத்துக்கொள்வதும் அதே விளைவைத் தரும், பரப்பு குறைவதால்.

வெப்பத்தையும் சவ்வையும் விட்டுவிட்டு அலசலுக்கு வந்தால், முலாம் பூசும் பட்டறையில் எதிரோட்டம் தொட்டிகளாக நிற்கிறது. பொருளோடு மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் இரசாயனக் கரைசல் ஒட்டிக்கொண்டு வருகிறது, அதை ஆயிரத்தில் ஒரு பங்காக்க வேண்டும் என்றால், ஒரே தொட்டியில் மணித்தியாலத்துக்கு ஆயிரம் லீற்றர் தண்ணீர் வேண்டும். இரண்டு தொட்டி வைத்து, சுத்தமான தண்ணீரைக் கடைசித் தொட்டியில் விட்டு முன்னதற்கு வழியவிட்டால் ஏறத்தாழ 32 லீற்றர். மூன்று தொட்டி என்றால் 10.

செய்து பார்க்க விரும்பும் உயர்தர மாணவர்களுக்கு ஒரு வழி. ஏசி வேலைக்கு விற்கும் கால் அங்குல மென்செப்புக் குழாய் 5 மீற்றர், அரை அங்குல உள்விட்டமுள்ள தெளிவான பிளாஸ்டிக் ஹோஸ் அதைவிடச் சற்றுக் குறைவாக, இரண்டு டி இணைப்புகள், எப்பொக்சி பசை, வெப்பமானி, இரண்டு பத்து லீற்றர் வாளி. இரண்டும் நேராக இருக்கும்போதே செப்பை ஹோஸுக்குள் தள்ளி, முனைகளை டி இணைப்பில் அடைத்த பிறகுதான் பெரிய வளையங்களாகச் சுற்ற வேண்டும். சுடுநீர் 60 பாகை போதும், அதற்கு மேல் ஹோஸ் இளகும். இரண்டு ஓட்டத்தையும் அளவுக் குவளையும் கடிகாரமும் வைத்து நிமிடத்துக்கு 100 மில்லிலீற்றராகச் சரிசெய்யுங்கள். ஹோஸுக்குள் காற்றுக்குமிழி நின்றால் முனையை உயர்த்தித் தட்டி வெளியேற்றுங்கள். ஹோஸுக்குள்ளேயே அரை லீற்றர் தண்ணீர் நிற்பதால் பத்து நிமிடமாவது ஓடவிட்ட பிறகுதான் அளக்க வேண்டும். ஒரே திசையில் குளிர்நீர் 45ஐத் தாண்டாது, எதிர்த்திசையில் 50ஐ ஒட்டி வரும். குளிர்நீர் பெற்றது சுடுநீர் இழந்ததைவிடக் குறைவாக இருந்தால், மீதி ஹோஸின் சுவர் வழியாக அறைக்குப் போயிருக்கிறது. துணியால் சுற்றி மறுபடி அளந்து பாருங்கள். செலவைக் குறைக்க 2 மீற்றர் குழாயில் நிமிடத்துக்கு அரை லீற்றர் ஓடவிட்டால் இரு திசைக்கும் உள்ள வித்தியாசம் அரைப் பாகைக்கும் குறைவாகத்தான் வரும், சாதாரண வெப்பமானியில் அது தெரியவே தெரியாது.